சோலார் ஹீட்டர் வெந்நீர் வால்வில் ஒழுக்கு: வால்வையே மாற்றணுமா, கிளாண்ட் கட்டினால் போதுமா?

சூலூர்ப் பொண்ணு

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது, கண்ணாடிக் குழாய் வகை. டேங்கிலிருந்து வெந்நீர் இறங்கும் லைனில் முக்கால் இஞ்ச் பித்தளை கேட் வால்வு போட்டிருக்கிறார்கள். அந்த வால்வின் கைப்பிடிக்குக் கீழே சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. திறந்து மூடினால் கொஞ்ச நேரம் அதிகமாக வருகிறது, அப்புறம் குறைகிறது, நிற்பதே இல்லை. அப்பா அடியில் ஒரு பக்கெட்டை வைத்திருக்கிறார். ஆனாலும் தளத்தில் ஈரம் இறங்கி, கீழே படுக்கையறை மேற்கூரையில் கறை தெரிய ஆரம்பித்துவிட்டது.

நட்டைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பூத்து இறுகியிருக்கிறது. எங்களுடையது போர் தண்ணீர், நல்ல சப்பை, அதாவது சுண்ணாம்பு அதிகமான கடினத் தண்ணீர்.

பார்க்க வந்த பிளம்பர், வால்வு போய்விட்டது, சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) லைனை வெட்டி டேங்க் வாயிலிருந்து புதிதாகப் போட்டால்தான் ஆகும் என்கிறார். மார்கழி நேரம், அம்மாவுக்கு மூட்டுவலி, வெந்நீரை நிறுத்தவும் முடியாது. உண்மையிலேயே எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், வீட்டில் சின்னச் சின்ன வேலைகளை நானேதான் செய்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பீளமேடு பம்புசெட்

அம்மிணி, லைனை வெட்ட விட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கணும். வால்வு ஒழுகுகிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் ஒழுகுவதற்கு மூன்று இடங்கள் உண்டு. கைப்பிடித் தண்டு வெளியே வரும் இடம் ஒன்று. வால்வும் குழாயும் சேரும் மரை இன்னொன்று. வால்வின் உடம்பிலேயே விரிசல் மூன்றாவது. முதலாவது என்றால் வால்வை மாற்றவே தேவையில்லை. இரண்டாவது என்றால் கழற்றி டெஃப்லான் டேப் சுற்றி மாட்டணும். மூன்றாவது என்றால்தான் வால்வு போனது.

சொட்டு விழும் இடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் மேலே கசிந்து, உடம்பு வழியாக இறங்கி, அடியில் எங்கே தாழ்வோ அங்கே வந்துதான் சொட்டும். பழைய வேட்டித் துணியால் வால்வு முழுவதையும் நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். தண்டைச் சுற்றி ஒரு செய்தித்தாள் துண்டு, இரண்டு பக்க மரையிலும் ஒவ்வொரு துண்டு சுற்றி வையுங்கள். எது முதலில் நனைகிறது என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். திறந்து மூடும்போது ஒழுக்கு கூடுகிறது என்று நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் தண்டுதான் என்று எனக்குப் படுகிறது.

தண்டு சுழல வேண்டும், ஆனால் தண்ணீர் வெளியே வரக்கூடாது. அதற்காகத் தண்டைச் சுற்றி ஒரு குழி வைத்து, அதில் கயிறு மாதிரி ஒரு பொருளை அடைத்து, மேலே ஒரு நட் போட்டு அமுக்கியிருப்பார்கள். அந்தக் கயிறுதான் கிளாண்ட் பேக்கிங், அமுக்கும் நட் கிளாண்ட் நட். வெந்நீரில் வருடக்கணக்காக வெந்து வெந்து பேக்கிங் சுருங்கி இறுகிவிடும். இடைவெளி விழுந்ததும் தண்ணீர் அதன் வழியாக ஏறி வரும்.

கைப்பிடிக்கு நேர் கீழே இருக்கும் சின்ன அறுகோண நட்தான் கிளாண்ட் நட். அதற்கும் கீழே பெரிய அறுகோணம் ஒன்று இருக்கும், அது வால்வின் மூடி. அதைத் தொடக்கூடாது. பெரியதை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, சின்னதை இன்னொரு ஸ்பேனரால் வலப்பக்கம் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். பைப் ரெஞ்ச் வேண்டாம், பித்தளை முனை மழுங்கிவிடும். திருப்பியதும் கைப்பிடியைச் சுழற்றிப் பாருங்கள். கொஞ்சம் இறுக்கமாகச் சுழலணும், ஆனால் சுழலணும். முடித்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு கிளாண்ட் புதிதல்ல. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததிலிருந்து இந்தப் பக்கம் பம்பும் மோட்டாரும் செய்கிற ஊர். கிணற்று மோட்டாருக்கு கிளாண்ட் கட்டாத தோட்டம் ஏது? ஆனால் அதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பம்பு கிளாண்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தே ஆகணும். தண்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுழலும், அந்தச் சொட்டுதான் அதைக் குளிர வைக்கும். சொட்டே இல்லாமல் இறுக்கினால் பேக்கிங் கருகி, தண்டின் ஸ்லீவ் தேய்ந்துவிடும். வால்வில் அப்படி இல்லை, தண்டு எப்போதாவது ஒருமுறைதான் திரும்புகிறது. ஒரு சொட்டும் வரக்கூடாது.

காங்கயத்தான்

எங்கள் வீட்டில் இதே மாதிரி வந்தபோது எபாக்ஸி களிம்பைப் பிசைந்து நட்டைச் சுற்றி அப்பிவிட்டோம். நின்றுவிட்டது. இதற்கு எதற்கு இவ்வளவு பாடு?

திருப்பூர் பாய்லர்

காங்கயத்தாரே, கோபித்துக்கொள்ளாதீர்கள், அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். களிம்பு தண்டோடு சேர்ந்து இறுகினால் அந்த வால்வை அப்புறம் திருப்பவே முடியாது. குளியலறையில் குழாய் உடைந்து வெந்நீர் பீய்ச்சும்போது மூடுவதற்குத்தான் அந்த வால்வே இருக்கிறது. திருப்ப முடியாத வால்வு வெறும் பித்தளைக் கட்டி. அதோடு சோலார் லைன் பகலில் கொதித்து இரவில் ஆறுவதால் பித்தளை விரிந்து சுருங்கும். களிம்பும் பித்தளையும் ஒரே அளவில் விரிவதில்லை, இன்றைக்கு இல்லாவிட்டாலும் பிறகு ஓரத்தில் பிளந்து வழி விடும்.

சாயப்பட்டறை பாய்லரில் பல காலம் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். நீராவி வால்வில் கிளாண்ட் ஊதினால் நாங்கள் எதையும் அப்ப மாட்டோம். லைனை மூடி, அழுத்தத்தை இறக்கி, ஆறவிட்டு, பேக்கிங் மாற்றுவோம். அது ஒன்றுதான் வழி.

சூலூர்ப் பொண்ணு

பீளமேடு அண்ணா, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்ன மாதிரியே துடைத்துக் காகிதம் சுற்றிப் பார்த்தேன். மரை இரண்டு பக்கமும் காய்ந்தே இருந்தது. தண்டைச் சுற்றி வைத்த காகிதம்தான் நனைந்தது. கிளாண்ட் நட்டைச் சுற்றி இருந்த வெள்ளைப் படிவத்தால் முதலில் ஸ்பேனரே உட்காரவில்லை. வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து, அப்புறம் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்ததும் பித்தளை தெரிந்தது.

கால் சுற்றுக்கும் குறைவாகத்தான் திருப்பினேன். ஒழுக்கு உடனே நின்றது. ஆனால் மறுநாள் மதியம் வெயில் ஏறியதும் மறுபடியும் கசிகிறது. இன்னும் கொஞ்சம் இறுக்கலாமா? கைப்பிடி இப்போதே கனமாகத்தான் சுழல்கிறது.

பீளமேடு பம்புசெட்

இனி இறுக்க வேண்டாம் அம்மிணி. கைப்பிடி கனத்தும் தண்ணீர் வருகிறது என்றால் பேக்கிங்கில் மிருது போய்விட்டது என்று அர்த்தம். மேலும் இறுக்கினால் தண்டு முறியும், இல்லாவிட்டால் கிளாண்ட் நட்டின் மரை வழுக்கும். பேக்கிங் மாற்றிவிடுங்கள். பாய்லர் அண்ணன் விவரமாகச் சொல்லட்டும், அவர் கை பட்ட வால்வுகள் ஆயிரம் இருக்கும்.

திருப்பூர் பாய்லர்

சொல்கிறேன். கிளாண்ட் கட்டுவது அரை மணி நேர வேலைகூட இல்லை. தண்ணீரை நிறுத்துவதுதான் பெரிய வேலை. அதனால் அதை முதலில் பார்ப்போம்.

கேட் வால்வை மூடிவிட்டால் கிளாண்டைத் திறக்கலாம் என்று நினைக்கக்கூடாது. வால்வு மூடியிருந்தாலும் தண்டு இருக்கும் அறைக்குள் தண்ணீர் நிற்கும். டேங்குக்குப் போகும் பச்சைத் தண்ணீர் வால்வைத்தான் மூடணும். மூடிவிட்டு, கீழே குளியலறையில் வெந்நீர் குழாயைத் திறந்து விடுங்கள். டேங்க் முழுவதும் காலியாகும் என்று பயப்பட வேண்டாம். இந்த வகை ஹீட்டரில் வெந்நீர் டேங்கின் மேல்பகுதியிலிருந்துதான் வெளியேறும். நீர்மட்டம் அந்த வாய்க்குக் கீழே இறங்கியதும் தானாக நின்றுவிடும். மீதித் தண்ணீர் டேங்கிலேயே இருக்கும், கண்ணாடிக் குழாய்களும் நிறைந்தே இருக்கும். வெந்நீர் வாய் உங்கள் டேங்கில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வெளியேறும்போது அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரணும். அதற்குத்தான் டேங்க் மேலே ஏர் வென்ட் குழாய் நிற்கிறது. குளவி கூடு கட்டியோ, யாராவது மூடி போட்டோ அது அடைபட்டிருந்தால் டேங்கின் உள் உருளை காற்றழுத்தத்தில் நசுங்கும். சூடேறும்போது நீராவிக்கும் அதுதான் வழி. வேலையைத் தொடங்கும் முன் அதைப் பாருங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன், வால்வு ஒழுக்கை விட ஆபத்து அது.

அப்புறம் சூடு. காலையில் வெயில் வருவதற்கு முன்னால்தான் இந்த வேலை. முந்தைய நாள் குழாய்களின் மேல் தார்ப்பாயோ கனமான பெட்ஷீட்டோ போட்டு மூடி, சாயங்காலமே எல்லோரும் குளித்துச் சூட்டைக் குறைத்துவிடுங்கள். டேங்க் இரவு முழுவதும் சூட்டைப் பிடித்து வைக்கும், விடிந்தால் ஆறியிருக்கும் என்று நம்பாதீர்கள். 60 டிகிரி தண்ணீர் கையில் பட்டால் சில நொடிகளில் தோல் வெந்துவிடும். ரப்பர் கையுறை கட்டாயம்.

ஏதாவது காரணத்தால் கண்ணாடிக் குழாய்கள் காலியாகி வெயிலில் நின்றுவிட்டால், பச்சைத் தண்ணீரைத் திறந்துவிடவே கூடாது. காலிக் குழாயின் உட்புறம் 200 டிகிரியைத் தாண்டும். அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் கண்ணாடி தெறித்துவிடும். ராத்திரி ஆறிய பிறகுதான் நிரப்பணும்.

இனி கிளாண்ட். கைப்பிடி மேலே இருக்கும் நட்டைக் கழற்றிக் கைப்பிடியை எடுங்கள். பெரிய மூடியைப் பிடித்துக்கொண்டு கிளாண்ட் நட்டை மெதுவாகக் கழற்றுங்கள். முதல் சுற்றிலேயே தண்ணீர் அழுத்தமாக வந்தால் நிறுத்தி மறுபடி முடுக்குங்கள், மேல் டேங்க் லைன் சரியாக மூடவில்லை என்று பொருள். நட்டுக்குக் கீழே சின்ன பித்தளை வளையம் இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். குழியில் இருக்கும் பழைய பேக்கிங்கை மெல்லிய கம்பியால், கோணி ஊசி இருந்தால் அதுவே போதும், சுரண்டி முழுவதும் எடுக்கணும். பழையதை விட்டுவிட்டு அதன் மேல் புதியதைத் திணிக்கிறவர்கள்தான் அதிகம், அது நிலைக்காது. எடுக்கும்போது தண்டில் கீறல் விழக்கூடாது, கீறல் இருந்தால் எந்தப் பேக்கிங் போட்டாலும் அந்தக் கோடு வழியாக வரும்.

முக்கால் இஞ்ச் வால்வுக்கு மெல்லிய கிராஃபைட் கயிறு அல்லது டெஃப்லான் கயிறு போதும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கயிறு யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். கயிறு கிடைக்காவிட்டால் டெஃப்லான் டேப்பை நீளமாக இழுத்து முறுக்கித் திரியாக்கிக்கொள்ளலாம். டெஃப்லான் 260 டிகிரி வரை தாங்கும், சோலார் சூடெல்லாம் அதற்கு ஒன்றுமே இல்லை. நட் முடுக்கும் திசையிலேயே, அதாவது வலப்பக்கமாகத் தண்டைச் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் நட் முடுக்கும்போது பிரிந்து வரும். ஒவ்வொரு சுற்றையும் குச்சியால் கீழே தட்டி அமுக்கணும். பெரிய வால்வுகளில் நாங்கள் வளையம் வளையமாக 45 டிகிரி சாய்வில் வெட்டி, ஒரு வளையத்தின் வெட்டு வாய்க்கு நேராக அடுத்ததன் வாய் வராமல் தள்ளித் தள்ளி வைப்போம். வீட்டு வால்வில் அவ்வளவு இடம் இருக்காது, தொடர்ச்சியாகச் சுற்றினாலே போதும்.

நட்டைக் கையால் முடுக்கி, அப்புறம் ஸ்பேனரால் கொஞ்சம். தண்ணீரைத் திறந்துவிட்டுப் பாருங்கள், கசிந்தால் இன்னும் கொஞ்சம். ஒரேயடியாக இறுக்க வேண்டாம். புதுப் பேக்கிங் சூடு பட்டு அமுங்கும், சில நாள் கழித்து லேசாக ஒருமுறை முடுக்க வேண்டியிருக்கும். அது வேலை கெட்டுப்போனது அல்ல, அப்படித்தான் இருக்கும்.

பெருந்துறை டு லீட்ஸ்

சொந்த ஊர் பெருந்துறை, இப்போது இருப்பது இங்கிலாந்தில் லீட்ஸ். இந்த இழையைச் சரியான நேரத்தில் பார்த்தேன். இங்கே எங்கள் வீட்டு ரேடியேட்டர் வால்வில் இதே தொல்லை.

ஊரில் இருப்பவர்களுக்காக: குளிருக்கு வீட்டைச் சூடாக்க ஒவ்வொரு அறையிலும் சுவரோரம் இரும்புத் தகட்டு ரேடியேட்டர் இருக்கும். சமையலறையில் இருக்கும் கேஸ் பாய்லர் தண்ணீரைச் சுடவைத்துக் குழாய் வழியாக எல்லா ரேடியேட்டருக்கும் சுற்றிவிடும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வால்வு. ஒரு பக்கம் நாம் திருப்புவது, மறு பக்கம் மூடி போட்டது. அந்த மூடி போட்ட வால்வு ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் எவ்வளவு தண்ணீர் போகணும் என்று அளந்து வைத்தது. எனக்குத் திருப்பும் வால்வின் தண்டில்தான் கசிவு. இங்கே பிளம்பரைக் கூப்பிட்டால் வந்து பார்ப்பதற்கே தனிக் கட்டணம்.

பாய்லரை அணைத்து ஆறவிட்டேன். இரண்டு வால்வையும் மூடினேன். மூடி போட்ட வால்வை மூடும்போது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவைத்துக்கொண்டேன், திரும்பத் திறக்கும்போது அதே அளவு திறந்தால்தான் மற்ற அறைகளுக்குச் சூடு குறையாது. ரேடியேட்டர் மேல் ஓரத்தில் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்து அழுத்தத்தை இறக்கி மூடினேன். அப்புறம் பாய்லர் அண்ணன் சொன்னபடியே டெஃப்லான் திரி. கசிவு நின்றுவிட்டது. கடைசியில் பாய்லரில் அழுத்த முள்ளைப் பார்த்து, குறைந்திருந்ததால் தண்ணீர் ஏற்றினேன். இங்கே ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் வரை வைப்பார்கள். மேல் டேங்கிலிருந்து 10 மீட்டர் உயரம் இறங்கினால்தான் 1 பார் வரும், ஆக நம் ஊர் மாடி வீட்டு லைனை விட இங்கே அழுத்தம் அதிகம்.

ஒன்று கவனித்தேன். இங்கே வால்வில் வெள்ளைப் படிவமே இல்லை, கசிந்த தண்ணீர் மை மாதிரி கறுப்பாக வந்தது. ஏன் என்று யாராவது சொல்ல முடியுமா?

திருப்பூர் பாய்லர்

உங்கள் ஊரில் அதே தண்ணீர்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது தம்பி. முதல் தடவை சூடானபோதே அதிலிருந்த சுண்ணாம்பு படிந்து முடிந்துவிட்டது, புதிதாக வர வழியில்லை. ஆனால் உள்ளே இரும்பு இருக்கிறது, அது மெதுவாக அரித்துக் கறுப்பு இரும்பு ஆக்சைடாக மிதக்கிறது. அதைத் தடுக்கத்தான் அந்த லைனில் அரிப்புத் தடுப்பு மருந்து ஊற்றுவார்கள். உங்கள் வீட்டில் கடைசியாக எப்போது ஊற்றினார்கள் என்று பாருங்கள். கார்ப்பெட்டில் பட்டால் கறை போகாது.

சோலாரில் தினமும் புதுத் தண்ணீர் வருகிறது. தினமும் கொஞ்சம் சுண்ணாம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறது. சூலூர்ப் பொண்ணு வீட்டு நட்டில் பூத்தது அதுதான். கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடானால் கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து படியும், அதாவது சுண்ணாம்புக்கல். சூடு ஏற ஏறப் படிவது கூடும். எங்கள் பாய்லருக்கு சாஃப்ட்னர் வழியாகக் கடினத்தன்மையை 5 பிபிஎம்-க்குள் (லிட்டருக்கு 5 மில்லிகிராம்) கொண்டுவந்த பிறகுதான் தண்ணீர் விடுவோம். குடிநீருக்கே இந்தியத் தர நிர்ணயம் 200 வரை ஏற்கலாம், வேறு வழி இல்லாவிட்டால் 600 வரை என்று சொல்கிறது. நம் பக்கம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் அந்த 600-ம் தாண்டும்.

அன்னூர் பிளம்பர்

இங்கே பிளம்பர்களைப் பற்றி லேசாகக் குறை வருவதால் எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். கிளாண்ட் கட்டத் தெரியாமல் நாங்கள் மாற்றச் சொல்வதில்லை. பத்து வருடப் பழைய வால்வில் கிளாண்ட் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தால், அடுத்த மாதம் வேறு எங்காவது கசிந்தாலும் அன்றைக்கு நீ கை வைத்ததால்தான் என்பார்கள். திரும்பப் போய்ச் செய்வதற்குக் கூலி கிடையாது. புது வால்வு போட்டால் மனசுக்கு நிம்மதி. இதையும் வீட்டுக்காரர்கள் நினைத்துப் பார்க்கணும். கிளாண்ட் கட்டினால் போதும், பிறகு கசிந்தால் அதற்குத் தனிக் கூலி தருகிறோம் என்று சொல்லிக் கூப்பிட்டால் நான் சந்தோஷமாகச் செய்வேன்.

மாற்றியே ஆக வேண்டிய வால்வும் உண்டு. உடம்பில் பித்தளை நிறம் போய்ச் செம்பு மாதிரி சிவந்த திட்டுகள், அதன் மேல் வெள்ளைத் தூள் இருந்தால், பித்தளையில் இருந்த துத்தநாகம் கரைந்து வெளியேறிவிட்டது என்று அர்த்தம். மிஞ்சி இருப்பது ஓட்டை ஓட்டையான செம்பு, ஸ்பேனர் வைத்தாலே உடையும். மேலோட்டமாகத் தேய்த்துப் பாருங்கள். சுண்ணாம்பு என்றால் வினிகரில் நுரைத்துக் கரையும், அடியில் மஞ்சள் நிறம் தெரியும். சிவப்பு தெரிந்தால் கை வைக்காமல் எங்களைக் கூப்பிடுங்கள்.

மாற்றுவதாக இருந்தால் கேட் வால்வே வேண்டாம், பித்தளை பால் வால்வு (உள்ளே துளையிட்ட உருண்டை சுழலும் வகை) போடுங்கள். கேட் வால்வில் தகடு இறங்கி உட்காரும் பள்ளத்தில் சுண்ணாம்பு சேர்ந்துவிடும், அப்புறம் எவ்வளவு திருகினாலும் முழுசாக மூடாது. வெந்நீர் லைனில் பிவிசி பால் வால்வைப் போடும் ஆட்களும் இருக்கிறார்கள், விடாதீர்கள். சாதாரண பிவிசி 60 டிகிரிக்கு மேல் இளகிவிடும். கோடையில் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனால் சோலார் டேங்கில் 80 டிகிரியைத் தாண்டும். சிபிவிசி தாங்கும், ஆனால் அதன் பிளாஸ்டிக் மரையைப் பித்தளை வால்வுக்குள் முடுக்கினால் சூட்டில் கீறல் விடும். பித்தளை மரை பதித்த சிபிவிசி அடாப்டர் கேளுங்கள். பக்கத்தில் ஒரு யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) போட்டுவிட்டால் அடுத்த முறை எதையும் வெட்டவே வேண்டியதில்லை.

பீளமேடு பம்புசெட்

அன்னூர்க்காரர் சொல்வது நியாயம். கிளாண்ட் கட்டும் வேலைக்கு மதிப்புக் கொடுத்துக் கூலி கொடுத்தால் நல்ல கைகள் அந்த வேலையை விடமாட்டார்கள். பழுது பார்ப்பவனை விட மாற்றிக் கொடுப்பவனுக்கு அதிகம் கொடுத்தால், ஊரில் எல்லோரும் மாற்றத்தான் சொல்வார்கள்.

பேரூர் நொய்யல்

எங்கள் வீட்டு சோலார் வால்வு போட்ட நாளிலிருந்து கிளாண்ட் தொட்டதில்லை, படிவமும் கிடையாது. காரணம் சிறுவாணித் தண்ணீர். அதில் சுண்ணாம்பு மிகக் குறைவு. கோவையில் நிறைய வீடுகளில் சிறுவாணி, பில்லூர் இணைப்பு இருந்தும் சோலாருக்கு மட்டும் போர் தண்ணீரைக் கொடுத்திருக்கிறார்கள். மேல் டேங்கில் இரண்டு தண்ணீரையும் தனித்தனியாகப் பிரித்து, சோலாருக்கு ஆற்றுத் தண்ணீரைக் கொடுத்தால் வால்வு, கண்ணாடிக் குழாய், ஷவர் எல்லாம் பிழைக்கும். ஒரு குடும்பம் ஒரு நாளைக்குப் பயன்படுத்தும் வெந்நீர் 200 லிட்டருக்குள்தான்.

சூலூர்ப் பொண்ணு

பேரூர் அண்ணா, எங்களுக்கு ஆற்றுத் தண்ணீர் நினைத்த நேரத்துக்கு வராது, குடிக்கவும் சமைக்கவுமே சரியாகப் போகிறது. அதைக் குளிக்க விட அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார், எனக்கும் மனசு வராது. மழைத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது, 2003-இல் அரசு எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சொன்னபோது தாத்தா கட்டியது. வடிகட்டி அதிலிருந்து சோலாருக்கு ஏற்ற முடியுமா என்று பார்க்கிறேன்.

சரி, வேலை முடிந்தது. முந்தைய நாளே குழாய்களை மூடிவிட்டோம். ஏர் வென்ட் வாயில் குளவி மண் கூடு கட்டியிருந்தது, அதை உடைத்துச் சுத்தம் செய்தேன். பாய்லர் அண்ணா அதைச் சொல்லியிருக்காவிட்டால் நான் மேலே பார்த்திருக்கவே மாட்டேன்.

பச்சைத் தண்ணீர் வால்வை மூடி, கீழே தங்கை குழாயைத் திறந்துவிட்டாள். கொஞ்ச நேரம் ஓடி, அப்புறம் கடகடவென்று காற்றுச் சத்தம் கேட்டு நின்றது. கிளாண்ட் நட் கழன்றதும் உள்ளே இருந்த தண்ணீர் லேசாக வழிந்தது, அவ்வளவுதான். பழைய பேக்கிங் விரலி மஞ்சள் மாதிரி இறுகிப் போயிருந்தது, கோணி ஊசியால் குத்தக் குத்தத் துண்டு துண்டாக உடைந்து வந்தது. அடியில் கடைசித் துணுக்கை எடுக்கத்தான் நேரம் பிடித்தது. தண்டைத் துடைத்து விரல் நகத்தால் தடவிப் பார்த்தேன், கீறல் எதுவும் தட்டுப்படவில்லை. உடம்பிலும் சிவப்பு இல்லை, நல்ல மஞ்சள்தான்.

கயிறு வாங்க நேரமில்லாததால் டெஃப்லான் டேப்பைத் திரித்து, வலப்பக்கமாகச் சுற்றி, தென்னங்குச்சியால் அமுக்கி அமுக்கிக் குழி நிரம்பும் வரை வைத்தேன். தண்ணீர் திறந்ததும் ஒரு துளி எட்டிப் பார்த்தது, நட்டை மயிரிழை முடுக்கியதும் நின்றுவிட்டது. வெயில் ஏறி, மாலை வரைக்கும் பார்த்தேன், காகிதம் நனையவில்லை. பக்கெட்டை அப்பா எடுத்துவிட்டார்.

திருப்பூர் பாய்லர்

நல்ல வேலை அம்மிணி. ஒரு வாரம் போகட்டும், கைப்பிடி தளர்ந்திருந்தால் லேசாக முடுக்குங்கள். மாதம் ஒருமுறை அந்த வால்வை முழுசாக மூடித் திறந்து விடுங்கள். திருப்பாமலே கிடக்கும் வால்வுதான் சுண்ணாம்பில் பூட்டிக்கொள்ளும்.

கோபி மாடித்தோட்டம்

இடையில் ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் வால்வு எதுவும் ஒழுகவில்லை, ஆனால் பச்சைத் தண்ணீர் குழாயைத் திறந்தால் முதலில் வெந்நீர் வருகிறது. மேல் டேங்க்கூடச் சாயங்காலம் வெதுவெதுப்பாக இருக்கிறது. இதுவும் வால்வு கோளாறா?

அன்னூர் பிளம்பர்

ஆமாங்க, அது நான்-ரிட்டர்ன் வால்வு கோளாறு. சோலாருக்குப் பச்சைத் தண்ணீர் போகும் லைனில், டேங்குக்குப் பக்கத்திலேயே ஒரு பக்கம் மட்டும் வழி விடும் வால்வு இருக்கணும். அது இல்லாவிட்டாலோ, உள்ளே இருக்கும் மடல் சுண்ணாம்பில் ஒட்டித் திறந்தபடி நின்றாலோ, சூடான தண்ணீர் திரும்பி ஏறும். வெந்நீரும் வீண், மேல் டேங்க் பிளாஸ்டிக்குக்கும் கேடு. வால்வு உடம்பில் அம்புக்குறி இருக்கும், அது சோலார் பக்கம் பார்க்கிறதா என்று முதலில் பாருங்கள், திருப்பி மாட்டியதையும் பார்த்திருக்கிறேன். அம்பு சரியாக இருந்தால், லைனை மூடிக் கழற்றிச் சிட்ரிக் அமிலம் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போடுங்கள். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் வேண்டாம், அது பித்தளையையும் தின்னும், மிச்சம் உள்ளே போனால் ஸ்டெயின்லெஸ் டேங்கில் பொடிப் பொடி ஓட்டை விழும். ஊறியதும் வாயால் ஊதிப் பாருங்கள், ஒரு பக்கம் போகணும், மறுபக்கம் போகக்கூடாது. இரண்டு பக்கமும் போனால் புதிது வாங்கிக்கொள்ளுங்கள்.

கோபி மாடித்தோட்டம்

சரிங்க. ஞாயிற்றுக்கிழமை காலை கழற்றிப் பார்க்கிறேன். கிளாண்ட் கயிறு கோபியில் எந்தக் கடையில் கேட்பது?

பீளமேடு பம்புசெட்

பிளம்பிங் கடையில் இருக்காது, மோட்டார் ரீவைண்டிங், பம்பு உதிரிபாகம் விற்கும் கடையில் கேளுங்கள். கிராஃபைட் கிளாண்ட் ரோப் என்றால் எடை போட்டுக் கொடுப்பார்கள். பழைய வால்வின் கிளாண்ட் நட்டைக் கையோடு எடுத்துப் போனால் கனம் பார்த்துத் தருவார்கள்.